பவளத்திட்டின் ஓரமாக டிரிஃப்ட் டைவ்: நேரம், தூரம், காற்று ஆகியவற்றை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி

வணக்கம். அடுத்த மாதம் நாங்கள் நால்வர், வட்டப் பவளத்திட்டு ஒன்றின் வெளிச்சரிவில் நீரோட்டத்தோடு மிதந்து செல்லும் டிரிஃப்ட் டைவ் ஒன்றைச் செய்யவிருக்கிறோம். நால்வரிடமும் 30 மீட்டர் வரை இறங்குவதற்கான அட்வான்ஸ்டு சான்றிதழ் இருக்கிறது. ஆனால் இதுவரை நாங்கள் இறங்கிய இடங்களில் நீரோட்டம் பெரும்பாலும் இருந்ததில்லை. நங்கூரமிட்ட படகிலிருந்து இறங்கி, அதே படகுக்குத் திரும்பிவந்துதான் பழக்கம். வழிகாட்டி ஒருவர் உடன் வருவார் என்றாலும், அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுக் குதிப்பதைவிட, திட்டத்தை நாங்களே புரிந்துகொண்டு இறங்க விரும்புகிறோம்.

திட்டின் மேற்பரப்பு 5 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கிருந்து சரிவு 30 மீட்டருக்கும் கீழே போகிறது. நாங்கள் போகவிருக்கும் பகுதியின் நீளம் சுமார் 900 மீட்டர். அது முடியும் இடத்தில், வெளிக்கடலையும் திட்டுக்குள் இருக்கும் உட்கடலையும் இணைக்கும் கால்வாயின் வாய் இருக்கிறது. நீரோட்டம் வழக்கமாக ஒன்று முதல் ஒன்றரை நாட் வரை இருக்கும் என்கிறார்கள். அன்றைய ஓத அட்டவணைப்படி கடல் முழுதாக ஏறி நிற்கும் நேரம் காலை 10:40. அந்த நேரத்தில் நீர் அடங்கி நிற்கும் என்பதால் அப்போதே இறங்கலாம் என்று நாங்கள் நினைத்தோம். படகோட்டியோ 9 மணிக்கே இறங்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்கிறார்.

எங்கள் உத்தேசம் இதுதான்: அதிகபட்ச ஆழம் 20 மீட்டர், மொத்த நேரம் 45 நிமிடம், 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று, 50 பாருடன் மேலே வருவது, முன்னால் செல்பவர் கையில், நாங்கள் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்ட ஒரு மிதவை. இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

உங்கள் எண்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதை முதலில் கவனியுங்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 31 மீட்டர். அந்த வேகத்தில் 900 மீட்டர் திட்டு 29 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒன்றரை நாட் என்றால் 20 நிமிடம்கூடத் தாங்காது. நீங்களோ 45 நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி நேரம் எங்கே இருப்பீர்கள்? கால்வாயின் வாய்க்குள்ளோ, அதைத் தாண்டியோ இருப்பீர்கள். நீரோட்டம் உள்ள இடத்தில் டைவின் நேரத்தை நிர்ணயிப்பது உங்கள் சிலிண்டர் அல்ல, திட்டின் நீளமும் நீரின் வேகமும்தான்.

ஆகவே இத்தகைய டைவைப் பின்னாலிருந்து முன்னோக்கித் திட்டமிடுவதே என் வழக்கம். படகு உங்களை எந்த இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம், அலை உடையும் பாறை விளிம்பும் கப்பல்கள் போகும் தடமும் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 20 மீட்டரிலிருந்து நிமிடத்துக்கு 9 மீட்டர் என்ற வேகத்தில் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று, மேற்பரப்பை அடைய ஆறு நிமிடம் ஆகும். அந்த ஆறு நிமிடமும் நீர் உங்களைச் சுமந்துகொண்டுதான் போகும்: ஒரு நாட்டில் 190 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒன்றரை நாட்டில் 280 மீட்டர். மேலே வர வேண்டிய இடத்திலிருந்து இந்தத் தூரத்தை நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் எண்ணிப் பார்த்தால், ஏறத் தொடங்க வேண்டிய இடம் தெரியும். அதிலிருந்து திட்டில் கழிக்க விரும்பும் நிமிடங்களையும் அதே போலத் தூரமாக்கிப் பின்னோக்கி வைத்தால், குதிக்க வேண்டிய இடம் கிடைக்கும். அந்த இடம் உங்கள் 900 மீட்டர் பகுதிக்கு வெளியே விழுந்தால், அங்கும் இறங்கத் தகுந்த சரிவு இருக்கிறதா என்று படகோட்டியைக் கேளுங்கள். இல்லையென்றால் டைவைச் சுருக்குங்கள்.

வேகத்தை யாரோ சொன்னார்கள் என்பதற்காக அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். படகு மிதவைக் கயிற்றில் கட்டப்பட்டு அசையாமல் நிற்கும்போது, பாதி நீர் நிரப்பிய பிளாஸ்டிக் குப்பியை முன்பக்கத்தில் போட்டு, அது பின்பக்கத்தைக் கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 10 மீட்டர் நீளத்தை 20 வினாடியில் கடந்தால் அது ஏறக்குறைய ஒரு நாட். காலிக் குப்பியைப் போட்டால் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும், கணக்கு கெட்டுவிடும். இது மேற்பரப்பின் வேகம் மட்டுமே. 15 மீட்டர் ஆழத்தில் நீர் வேறு வேகத்தில், சில வேளை வேறு திசையிலும் ஓடக்கூடும் என்பதால், பெரும்பாலான வழிகாட்டிகள் முதலில் தாங்கள் மட்டும் முகமூடியோடு இறங்கித் தலையை நீருக்குள் விட்டுப் பார்ப்பார்கள். உங்கள் வழிகாட்டி அதைச் செய்யாமல் குதிக்கச் சொன்னால், செய்யுமாறு கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

பதில் 2

நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். படகோட்டி சொல்வதுதான் சரி என்பது என் கருத்து.

ஓத அட்டவணை சொல்வது நீர்மட்டம் எப்போது உச்சத்தில் இருக்கும் என்பதைத்தான். நீரோட்டம் எப்போது நிற்கும் என்பதை அது சொல்வதில்லை. திறந்த கடற்கரையில் இவ்விரண்டும் அருகருகே வரலாம். ஆனால் வட்டத்திட்டின் கால்வாயில் அப்படி எதிர்பார்க்க முடியாது, ஏனென்றால் உட்கடல் நிரம்புவதற்குக் குறுகிய வாய்கள் சிலவே இருக்கின்றன. வெளியே நீர்மட்டம் உச்சத்தைத் தொட்ட பிறகும் உள்ளே மட்டம் தாழ்ந்திருந்தால், நீர் உள்நோக்கியே ஓடிக்கொண்டிருக்கும். மறுபக்கம், பெரிய அலைகள் திட்டின் மேலாக உட்கடலுக்குள் நீரைத் தொடர்ந்து கொட்டும் நாட்களில், அந்த நீர் கால்வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால், ஏற்றத்தின் நடுவிலேயேகூட ஓட்டம் வெளிநோக்கித் திரும்பிவிடும். எந்தக் கால்வாயில் எவ்வளவு தாமதம் என்பது அட்டவணையில் கிடைக்காது. அங்கே தினமும் படகு ஓட்டுபவருக்குத்தான் தெரியும்.

பொதுவான ஓட்டத்தை ஊகிக்க ஒரு பழைய கணக்கு உதவும். இறக்கத்திலிருந்து ஏற்றம் வரையுள்ள ஆறு மணி நேரத்தில், மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 என்ற பங்குகளில் நீர் ஏறும். ஆக மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில்தான் பாதி நீர் நகர்கிறது. ஓட்டமும் அப்போதுதான் கடுமையாக இருக்கும். 10:40 உச்சம் என்றால் உங்கள் கடுமையான நேரம் ஏறக்குறைய காலை 6:40 முதல் 8:40 வரை. 9 மணிக்கு இறங்கினால், உள்நோக்கி ஓடும் நீர் தளர்ந்துகொண்டே வரும் கட்டத்தில் இருப்பீர்கள். ஏதோ காரணத்தால் அரை மணி நேரம் தாமதமானாலும் நிலைமை எளிதாகத்தான் ஆகும். 10:40க்கு இறங்கி, அதே அரை மணி நேரத் தாமதம் ஏற்பட்டால், ஓட்டம் திரும்பி வெளிக்கடலை நோக்கிப் பலப்பட்டுக்கொண்டே போகும் நேரத்தில் கால்வாயின் வாயில் நிற்பீர்கள். உள்நோக்கிய ஓட்டத்தில் தவறு நடந்தால் அமைதியான உட்கடலில் மிதப்பீர்கள்; வெளிநோக்கிய ஓட்டத்தில் தவறு நடந்தால் திறந்த கடலில் மிதப்பீர்கள். பார்வைத் தெளிவிலும் வித்தியாசம் உண்டு: உள்ளே வருவது தெளிந்த கடல்நீர், வெளியேறுவது மணலும் மிதவை உயிர்களும் கலந்த கலங்கல் நீர். பிரெஞ்சு பாலினேசியாவின் ரங்கிரோவா வட்டத்திட்டில் உள்ள டிபூட்டா கால்வாயிலும் மாலத்தீவின் கால்வாய்களிலும் உள்நோக்கிய ஓட்டத்தையே டைவர்கள் விரும்புவதற்கு இவையெல்லாம் காரணம்.

நாளையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையிலான வேறுபாடு அதிகம். ஓட்டமும் அதற்கேற்ப வலுவாக இருக்கும். முதல் முறை இறங்கும் நீங்கள் அட்டமியை ஒட்டிய நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஒரு பின்குறிப்பு: ஓதக் கணக்கு எல்லாக் கடலுக்கும் பொருந்தாது. மெக்சிகோவின் கொசுமெல் தீவில் நீரை இழுத்துச் செல்வது பெரும்பாலும் வடக்கு நோக்கிய யுகட்டான் நீரோட்டம். மாலத்தீவில் ஓதத்தோடு பருவக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. வடகிழக்குப் பருவத்தில் பொதுவான ஓட்டம் கிழக்கிலிருந்து மேற்காகவும், தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து கிழக்காகவும் இருப்பதால், எந்தப் பக்கத்துக் கால்வாயில் நீர் உள்ளே வரும் என்பதே பருவத்துக்குப் பருவம் மாறும்.

பதில் 3

50 பாருடன் மேலே வருவது என்ற வரியை அழித்துவிடுங்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலராலும் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

20 மீட்டரில் ஒருவரின் காற்று தீர்ந்து, இருவரும் ஒரே சிலிண்டரில் ஏற வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் ஒருவருக்கு மேற்பரப்பு அளவில் நிமிடத்துக்கு 30 லிட்டர் என்றால் இருவருக்கும் 60. 20 மீட்டரில் அழுத்தம் 3 பார்; நிலைமையைச் சமாளித்துக் கிளம்ப ஒரு நிமிடம் போனால் 180 லிட்டர். அங்கிருந்து 5 மீட்டர் வரை ஏற ஏறக்குறைய 1.7 நிமிடம், சராசரி 2.25 பார்: 225 லிட்டர். 5 மீட்டரில் 3 நிமிடம்: 270 லிட்டர். மேற்பரப்புக்கு மெதுவாக ஒரு நிமிடம்: 75 லிட்டர். ஆக மொத்தம் 750 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் இது 62.5 பார். அழுத்தமானியின் பிழையையும் சேர்த்து 70 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது மேலே வந்து சேரும்போது மிச்சம் இருக்க வேண்டிய அளவு அல்ல; 20 மீட்டரை விட்டு ஏறத் தொடங்குவதற்கான கடைசி எல்லை. நால்வரில் எவருடைய முள் முதலில் 70ஐத் தொடுகிறதோ, அப்போது நால்வரும் ஏற வேண்டும்.

இப்போது மீதியைப் பாருங்கள். 200லிருந்து 70 வரை 130 பார், அதாவது 1560 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சுவிடுபவர் 20 மீட்டரிலேயே இருந்தால் 60 லிட்டர் செலவழிப்பார். 26 நிமிடத்தில் முடிந்துவிடும். சராசரி ஆழத்தை 15 மீட்டராகக் குறைத்தால் 31 நிமிடம் கிடைக்கும். ஆழமான பகுதியை முதலிலேயே பார்த்துவிட்டுச் சரிவில் படிப்படியாக மேலேறி வந்தால் காற்றும் மிச்சமாகும், வெளிச்சமும் நிறமும் கூடும். டைவிங் பயிற்சி அமைப்பான பாடியின் (PADI) பொழுதுபோக்கு டைவ் அட்டவணைப்படி, ஏறும் வழியில் கட்டாயமாக நிற்கத் தேவையில்லாமல் 20 மீட்டரில் தங்கக்கூடிய நேரம் 45 நிமிடம், 25 மீட்டரில் 29, 30 மீட்டரில் 20 மட்டுமே. ஓட்டத்தில் சரிவை விட்டுச் சற்றே விலகினாலும் கண் அறியாமல் ஆழம் கூடிவிடும் என்பதால் ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரை அடிக்கடி பார்ப்பது அவசியம்.

இந்த எண்கள் எல்லாம் சும்மா மிதந்து போகும்போது பொருந்துபவை. நீரோட்டத்துக்கு எதிராக உதைக்கத் தொடங்கினால் மூச்சின் அளவு எளிதில் இரு மடங்காகும். நல்ல உடல்வலு உள்ளவரும் ஒரு நாட் ஓட்டத்தை எதிர்த்துச் சில நிமிடத்துக்கு மேல் நீந்த முடியாது. ஆகையால் தவறவிட்ட ஆமையைத் திரும்பிப்போய்ப் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

பதில் 4

மேலே சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. விட்டுப்போன இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று, கீழ்நோக்கி இழுக்கும் நீர். திட்டின் முனையிலும் கால்வாயின் வாயிலும் நீரோட்டம் சுவரின் மேல் மோதி, ஒரு பகுதி மேலாகவும் ஒரு பகுதி கீழாகவும் பிரிந்து போகும். கீழ்நோக்கிய இழுப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு முன்னறிகுறிகள் தெரியும்: முன்னால் போகிறவரின் குமிழிகள் மேலே போகாமல் ஓரிடத்தில் சுழலும் அல்லது கீழே வரும், சுவரை ஒட்டிய சிறு மீன்கள் தலையை மேல்நோக்கி வைத்து நீந்திக்கொண்டிருக்கும். பொதுவாகவே மீன்கள் எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கின்றனவோ, அந்தப் பக்கமிருந்துதான் நீர் வருகிறது. விசிறிப் பவளங்கள் ஓட்டத்துக்குக் குறுக்காக விரிந்து வளர்பவை என்பதால், அவை அடர்ந்திருக்கும் இடத்தில் வழக்கமான ஓட்டம் வலுவானது என்று படகில் இருக்கும்போதே வழிகாட்டியிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

இழுப்பில் மாட்டிக்கொண்டால், சுவரை விட்டு வெளியே நீந்த வேண்டும் என்று ஒரு சாராரும், சுவரை ஒட்டி ஏற வேண்டும் என்று மறுசாராரும் சொல்வார்கள். என் கருத்தில், சுவரில் கைபிடிக்க உயிரற்ற பாறை இருந்து நீங்கள் அதை எட்டக்கூடிய தூரத்தில் இருந்தால், அதைப் பற்றி ஏறுவதே முதல் வழி, ஏனென்றால் பாறையை உரசும் நீர் எப்போதும் வேகம் குறைந்தது. ஏற்கனவே சுவரிலிருந்து விலகிவிட்டீர்கள் என்றால், இழுப்போடு மல்லுக்கட்டி நேராக மேலே உதைப்பதில் பயனில்லை; பிசிடியில் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டையில்) காற்றைச் சேர்த்துக்கொண்டு, கிடைமட்டமாக வெளிக்கடல் பக்கம் நீந்துங்கள். இழுப்பு பெரும்பாலும் குறுகிய பட்டையாகத்தான் இருக்கும். விடுபட்ட அந்தக் கணமே சேர்த்த காற்று உங்களை மேலே தூக்க ஆரம்பிக்கும். காற்றை வெளியேற்றும் குழாயில் கை தயாராக இருக்க வேண்டும். துணைவரை விட்டுவிட்டு இவற்றில் எதையும் செய்ய வேண்டாம்.

இரண்டு, ரீஃப் ஹூக், அதாவது ஓட்டத்தில் ஓரிடத்தில் நிற்க உதவும் கயிறு கட்டிய கொக்கி. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கால்வாயின் வாயில் சுறாக்களைப் பார்க்க வழிகாட்டி அதைக் கையில் கொடுக்க வாய்ப்பிருக்கிறது. கொக்கியை உயிரற்ற பாறையின் விளிம்பில் மட்டும் மாட்டி, பிசிடியில் சற்றே காற்றைச் சேர்த்தால், பட்டம்போல் திட்டுக்கு மேலே நிற்பீர்கள். உடலோ ஃபின்னோ பவளத்தில் படாது. கயிற்றை ஒரே கையால் கழற்ற முடிகிறதா என்று படகிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் முகமூடி நழுவலாம். வாயில் கவ்வி மூச்சுவிடும் ரெகுலேட்டரின் பொத்தான் நேராக நீரை எதிர்கொண்டால் தானாகவே காற்றைக் கொட்டத் தொடங்கும். என்னைக் கேட்டால், முதல் டைவில் இது வேண்டாம். கொக்கி மாட்டத் தடுமாறும் புதியவர் பிடிமானத்துக்கு அருகில் இருக்கும் எதையும் பற்றுவார். அது அநேகமாக உயிருள்ள பவளமாகத்தான் இருக்கும். திரண்ட பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. தொங்கும் அழுத்தமானியையும் மாற்று ரெகுலேட்டரையும் மார்போடு இறுக்கிக் கட்டிவிட்டு இறங்குங்கள். ஓட்டத்தில் அவை திட்டை வாரிக்கொண்டு போகும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. படகோட்டியிடம் மீண்டும் பேசினேன். 9 மணிக்கே இறங்குகிறோம். அதிகபட்சம் 18 மீட்டர், அங்கிருந்து படிப்படியாக மேலேறுவது, 22 நிமிடத்திலோ எவருக்கேனும் 70 பார் வந்தாலோ ஏறத் தொடங்குவது என்று மாற்றிவிட்டோம். எங்களில் ஒருவருக்குக் காது சமன்செய்யச் சற்று நேரமாகும். அவர் மேலேயே தங்கிவிட்டால் என்ன செய்வது? மிதவை ஒன்று போதுமா என்பதையும் தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.

பதில் 1 எழுதியவர்

22 நிமிடம் என்பது ஒரு நாட் ஓட்டத்துக்குப் பொருந்தும். அன்று காலை குப்பியைப் போட்டுப் பார்த்து ஒன்றரை நாட் என்று தெரிந்தால் 14 நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

காது விஷயத்தை மூடிமறைக்காமல் படகில் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். டிரிஃப்ட் டைவில் பிசிடியில் காற்றே இல்லாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் குதித்து உடனே இறங்குவது வழக்கம். மேற்பரப்பு நீரும் ஆழத்து நீரும் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதால், மேலே தாமதிப்பவர் தனியாகப் பிரிந்துபோவார். ஆகவே அனைவரும் முதலில் 5 மீட்டரில், திட்டின் மேற்பரப்புக்கு அருகே கூடி, காது சரியாக இருக்கிறது என்று நால்வரும் சைகை காட்டிய பிறகே கீழே செல்வது என்று முடிவு செய்யுங்கள். ஒரு நிமிடத்தில் அந்த ஆழத்தை எட்ட முடியாதவர் தன் துணைவரோடு மேலே வந்துவிட வேண்டும். படகு இன்னும் அங்கேயே நிற்கும். கடைசி ஆளும் இறங்கி இரண்டு நிமிடம் ஆகும்வரை இடத்தைவிட்டு நகர வேண்டாம் என்று படகோட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் பிரிந்தால், ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, ஓட்டத்தை எதிர்த்துத் தேடாமல் மேலேறுவதே விதி.

மிதவை ஒன்று போதாது. ஒவ்வொரு இணைக்கும் ஒன்று, முடிந்தால் ஆளுக்கொன்று வேண்டும். ஒன்றரை மீட்டருக்குக் குறையாத ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறக் குழாய் மிதவையாக இருக்கட்டும். 10 மீட்டரில் பாதி நிரப்பினாலே மேலே போகும்போது முழுதாகிவிடும், ஏனென்றால் அங்கே அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு. மிதவையின் நூல் சுற்றிய ரீலை உடலில் எந்தக் கொக்கியிலும் மாட்டாமல் கையில் வைத்து விடுங்கள். நூல் சிக்கினால் ரீலையே விட்டுவிட வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகக் கூடாது. மேற்பரப்பில் மிதவை சாய்ந்து கிடந்தால் சிறு அலைக்குப் பின்னாலேயே மறைந்துவிடும். நூலைக் கீழ்நோக்கி இறுக்கிப் பிடித்தால்தான் நிமிர்ந்து நிற்கும். இதை நீரோட்டம் இல்லாத இடத்தில், 5 மீட்டரில் நகராமல் நின்றபடி செய்து பழகுங்கள். விசில், சிறு கண்ணாடி, கைவிளக்கு ஆகியவையும் பையில் இருக்கட்டும். 2008 ஜூனில் இந்தோனேசியாவின் கொமோடோ பகுதியில் ஓட்டத்தில் அடித்துச் செல்லப்பட்ட ஐந்து டைவர்கள் இரண்டு நாட்களுக்குப் பிறகுதான் ரிஞ்சா தீவில் மீட்கப்பட்டார்கள்.

படகில் ஒருவருக்கு உங்கள் மிதவைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டுமே வேலையாக இருக்க வேண்டும். மேலே வந்ததும் பிசிடியை நிரப்பி, முகமூடியைக் கழற்றாமல், ரெகுலேட்டரை வாயிலேயே வைத்து, நால்வரும் ஒன்றாகச் சேர்ந்து நில்லுங்கள். இயந்திரம் நியூட்ரலில் இருப்பதாகப் படகோட்டி கையைக் காட்டிய பிறகே ஏணியை நோக்கி நகர வேண்டும். ஒருவர் ஏறும்போது அவருக்கு நேர் கீழே மற்றவர் காத்திருக்கக் கூடாது.